சட்டகத்தைக் கற்கும் முறை

மென்பொருள் ஆக்குவோர் ஒவ்வொரு முறையும் அடிப்படையிலிருந்து தொடங்குவதில்லை. பிறர் முன்னரே செய்து வைத்ததை எடுத்தாள்வர். அவ்வாறு எடுத்தாளப்படுவனவற்றுள் ஒன்று சட்டகம். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் சட்டகம் என்பது யாது? அதனைக் கற்பது அரிதாவது ஏன்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு நோக்குவோம்.

நிரல் தொகுதி வேறு; சட்டகம் வேறு. தொகுதியை நாம் வேண்டும்போது அழைக்கிறோம். அது பணி முடித்துத் தருகிறது. சட்டகமோ நம் நிரலை அழைக்கிறது. பணி நிகழும் வரிசையை அதுவே வகுத்துள்ளது. சில இடங்களை மட்டும் நாம் நிரப்புவதற்கென விட்டு வைக்கிறது. வெண்பாவின் சீரும் தளையும் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்க, புலவர் தம் சொல்லை அதனுள் அமைப்பதை இஃது ஒக்கும்.

கற்போர்க்கு இடர் விளைப்பதும் இத்தன்மையே. நிரலை முதல் வரியிலிருந்து படித்தால் வழி புலப்படாது. ஓட்டம் பல வகுப்புகளினூடே தாவிச் செல்லும். ஆகவே தனியொரு வகுப்பைக் கற்பது போதாது; வகுப்புகளுக்கு இடையேயுள்ள உறவையும் கற்றல் வேண்டும்.

இவ்விடர் தீர ஒரு வழி காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் இரால்ஃப் ஜான்சன். 1992இல் வெளியிட்ட கட்டுரையில், ஹாட்ட்ரா என்னும் வரைகலைச் சட்டகத்தை அவர் சான்றாகக் கொண்டார். சட்டகத்தின் பயன், அதனைக் கையாளும் முறை, அதன் உள்ளமைப்பு ஆகிய மூன்றையும் விளக்கவேண்டும் என்றார். இவற்றை அவர் சிறு சிறு பகுதிகளாக வகுத்தார். முதற்பகுதி சட்டகம் எதற்கு உரியது என்று கூறும். பின்வருவன ஒவ்வொன்றும் ஒரு சிக்கலையும் அதன் தீர்வையும் எடுத்துக்காட்டுடன் கூறும். புதிய உருவம் ஒன்றைப் படத்தில் சேர்க்க விரும்புபவர் அதற்குரிய பகுதியைப் படித்தாற் போதும். உள்ளமைப்பு முழுவதையும் அறிய வேண்டுவதில்லை.

எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதுவதே பலர் கைக்கொள்ளும் வழி. அது தொடக்கத்திற்கு நன்று. ஆனால், சட்டகம் விட்டு வைத்த இடங்களுக்கு அப்பால் ஒரு தேவை எழும்போது, படி எடுத்தவர் திகைப்பர். அமைப்பின் காரணம் அறிந்தவரே மேற்செல்வர். ஜான்சன் உள்ளிட்ட நால்வர் 1994இல் வெளியிட்ட நூல், பொருள்நோக்கு நிரல்களில் மீண்டும் மீண்டும் காணும் 23 அமைப்புமுறைகளுக்குப் பெயரிட்டு விளக்கியது. அப்பெயர்களை அறிந்தவர், புதிய சட்டகத்திலும் பழகிய உறவுகளை இனங்காண்பர்.

கற்கும் உழைப்பு, மிச்சமாகும் உழைப்பினும் மிகுமாயின் யாரும் சட்டகத்தை நாடார், புதிதாகவே எழுதுவர். அப்போது அதனை ஆக்கியோர் உழைப்பும் வீணாகும். நூற்பாவும் எடுத்துக்காட்டும் உரையும் ஒருங்கே அமைந்தாலன்றோ இலக்கணம் மாணவர்க்கு விளங்கும்? சட்டகத்திற்கும் அஃதே பொருந்தும். ஆக்கித் தருவதோடு அமையாது, கற்கும் வழியையும் உடன் தருதல் ஆக்கியோர் கடன்.