வாட்டில் அம்மாவுக்கு ஒரு மாதிரி இருந்தால்…

செவன் கிங்ஸில் இருக்கும் நம்மவர்களுக்குக் கிட்ட உள்ளது குட்மேஸ் கிங் ஜோர்ஜ் வைத்தியசாலை. அங்கே படுத்திருக்கும் அம்மா, நேர்ஸ் கேட்டால் 'ஓகே' என்பார். பிள்ளையைக் கண்டதும்தான் 'மூச்சு முட்டுது' என்பார். இதை லேசாக எடுக்காதீர்கள்.

வாட்டில் இருப்பவரின் இதயம் பெரும்பாலும் திடீரென நிற்பதில்லை. சில மணி நேரம் முன்பே மூச்சு வேகமாகும், நாடி மாறும், பேச்சுக் குழம்பும். நின்றபின் நெஞ்சை அழுத்தினாலும் பலர் பிழைப்பதில்லை. முதலே கண்டுபிடிக்க வேணும். நேர்ஸ்மார் இவற்றை அளந்து புள்ளி போடுவதும் அதுக்குத்தான். ஆனால் அம்மாவின் வழமையான முகம் உங்களுக்குத்தானே தெரியும்!

முதலில் நேர்ஸிடமும் டொக்டரிடமும் சொல்லுங்கள். கவனிக்காவிட்டால் 'மார்தாஸ் ரூல்' என்று சொல்லி, வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்கக் கேட்கலாம். பெற்றோர் சொன்னது எடுபடாமல் 2021இல் இறந்த 13 வயது மார்தா மில்ஸின் பெயரில், 2024 முதல் இங்கிலாந்து வைத்தியசாலைகளுக்கு வந்த முறை இது. அதற்கான தொலைபேசி இலக்கத்தை வாட்டில் கேட்டு வைத்திருங்கள். ஆங்கிலம் வராதென்று பேசாமல் இருக்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் இலவசம்.