சரீரத்துக்குள் அணையாத தீ

2018 டிசம்பரில் நமது விருதுநகர் ஜில்லாவில் ஒரு கர்ப்பவதிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது தெரிய வந்தபோது, ஊரெங்கும் அதே பேச்சாயிருந்தது. யார் குற்றமென்று வெகுவாக விவாதித்தோம். உள்ளே புகுந்த கிருமி என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் சிலரே. என் வகுப்பு மாணாக்கன் ஒருவன் கேட்டான். "வெள்ளை அணுக்களைக் கொல்கிறது" என்று பாட புஸ்தகத்தை ஒப்பித்துவிட்டேன். அது பாதி உண்மையே என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்து கலக்கும் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஓர் அறையில் பற்றிய தீ மற்றொன்றுக்குத் தாவாதிருக்கவே இந்த ஏற்பாடு. நமது வெள்ளை அணுக்களோ நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்பவை. அவற்றுள் சி.டி.4 என்னும் வகையைத் தேடிக் கிருமி புகுகிறது. அணு உறக்க நிலையில் இருந்தால் அங்கே அதனால் பெருக முடிவதில்லை. வேலை அரைகுறையாய் நின்றுவிடுகிறது. ஆயினும் அந்த அரைகுறைத் துணுக்கை உணர்ந்த மாத்திரத்தில் அணு தானாகவே வெடித்து மடிகிறது. சிதறிய பொருள்கள் அபாய மணியாகிப் பக்கத்து அணுக்களை அவ்விடத்துக்கு அழைக்கின்றன. வந்தவையும் அகப்படுகின்றன! இவ்விதச் சாவுக்குப் 'பைரோப்டோசிஸ்' என்று பெயர். 'பைரோ' என்றால் கிரேக்க மொழியில் நெருப்பு. வாணவேடிக்கையைக் குறிக்கும் 'பைரோடெக்னிக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே வேர். நிணநீர்த் திசுக்களில் மடியும் சி.டி.4 அணுக்களிற் பெரும்பாலானவை இப்படியே மடிவதாக 2013-ம் வருஷக் கடைசியில் ஸான் பிரான்ஸிஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர்.

குடலில் நிகழ்வது இன்னும் விபரீதம். தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே குடற்சுவரின் காவல் தளர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. காவற்படை இரவு பகலாய் விழித்திருக்க வேண்டியதாகிறது. விழித்தெழுந்த அணுவே கிருமி பெருகுவதற்கு ஏற்ற இடம். ஆகவே எதிர்ப்பு மும்முரமாக ஆக, கிருமிக்குத் தீனியும் மிகுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் 'சூட்டி மாங்காபே' என்றொரு குரங்கினம் உண்டு. எச்.ஐ.வி.யின் உறவுக் கிருமி அதன் ரத்தத்தில் ஏராளமாக இருந்தும் அது பெரும்பாலும் நோய்வாய்ப்படுவதில்லை. அதன் காவற்படை ஆரம்பத்தில் ஆர்ப்பரித்துவிட்டுப் பின்னர் அமைதியடைந்துவிடுகிறது. மனிதனுக்கு அந்த அமைதி வாய்க்கவில்லை.

2004 ஏப்ரலில் நமது அரசாங்கம் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கிய காலத்தில், சி.டி.4 எண்ணிக்கை நன்றாய்க் குறையும் வரை பலரைக் காத்திருக்கச் செய்தார்கள். இன்று அப்படியில்லை. உடனே தொடங்குவதே நலமென்று 2015-ல் உலகளாவிய பரிசோதனை ஒன்று காட்டியது. 2017 முதல் இந்தியாவிலும் அதுவே முறை. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, மாத்திரை எதற்கு?" என்பவர் உடம்பிலும் தீ எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

மருந்து கிருமியை அடக்கினாலும் கனல் சிறிது தங்கிவிடுகிறது. இருதய நோய் சற்று முந்தியே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தியா உள்பட 12 தேசங்களில் 7,769 பேரிடம் 'பிட்டாவாஸ்டாட்டின்' என்னும் மாத்திரையைப் பரீட்சித்தார்கள். மாரடைப்பு முதலிய பெரும் இருதய விபத்துகள் அதனால் 35 சதவீதம் குறைந்ததாக 2023-ல் அறிவித்தார்கள்.