மறதி நோய் பிடித்த மீன்கள்

மீன் ஆய்ந்து பழகியவர்களுக்குத் தெரியும். குடலை உருவி எடுத்த பிறகும் முதுகெலும்பை ஒட்டி, உறைந்த ரத்தம் போல ஒரு கருஞ்சிவப்புக் கோடு கிடக்கும். கத்தி முனையால் சுரண்டி எறிவோம். உண்மையில் அது மீனின் சிறுநீரகம். தலைப்பக்கம் இருக்கிற அதன் முன்பகுதிக்குச் சிறுநீர் பிரிக்கும் வேலை ஏறக்குறைய இல்லை. நம் உடம்பில் எலும்பு மஜ்ஜை செய்வதை மீனுக்கு இதுதான் செய்கிறது. நோயோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்கள் இங்கேதான் உருவாகின்றன.

இந்த வெள்ளணுக்களை ஆற்று நஞ்சு கெடுத்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகர் வழியாக டுவாமிஷ் ஆறு கடலில் கலக்கிறது. கரையெங்கும் ஆலைகள், கப்பல் பட்டறைகள். மின்மாற்றி எண்ணெயில் சேர்த்துவந்த பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருளின் தயாரிப்பு அந்நாட்டில் 1979-ல் தடைசெய்யப்பட்டது; ஆனால் ஆற்றுச் சேற்றில் படிந்தது அங்கேயே இருந்தது. கடலுக்குக் கிளம்பும் சினூக் சால்மன் குஞ்சுகள் உப்புத் தண்ணீருக்குப் பழகுவதற்காகக் கழிமுகத்தில் சில வாரம் தங்கும். இரையோடு நஞ்சும் உள்ளே போகும்.

1990-களில் ஆய்வாளர்கள் இந்தக் குஞ்சுகளின் வெள்ளணுக்களை எடுத்து, ஒரே அந்நியப் பொருளை இரண்டு முறை காட்டினார்கள். தூய கழிமுகத்து மீனின் அணுக்கள் இரண்டாம் முறை முன்னைவிட வலுவாக எதிர்த்தன. தடுப்பூசி வேலை செய்வதே இந்த நினைவை நம்பித்தான். டுவாமிஷ் மீனின் அணுக்களோ, 'இது யார்?' என்று புதிதாகப் பார்ப்பது போலவே நடந்துகொண்டன. பிறந்த ஆற்றின் வாசனையைப் பல வருடம் கழித்தும் மறக்காமல் தேடி வருகிற இனம் அது!

விப்ரியோ என்ற பாக்டீரியாவைத் தொற்றவைத்தபோது டுவாமிஷ் குஞ்சுகளே அதிகம் செத்தன. பி.சி.பி.யை மட்டும் ஊசியில் ஏற்றிய மீன்களும் அந்தக் கிருமிக்கு எளிதில் பலியாயின. ஏரியில் மீன்கள் செத்து மிதந்தால் படம் எடுக்கிறோம், செய்தியாகிறது. கழிமுகத்தில் நஞ்சு தின்று, எங்கோ நடுக்கடலில் கிருமியால் சாகும் மீன் எந்தக் கணக்கில் வரும்? பழி கிருமி மேல்தான் விழும்.

வர்ஜீனியாவின் எலிசபெத் ஆறும் இப்படித்தான் கெட்டது. மரத்துக்குப் பூசும் கிரியோசோட் தார் எண்ணெய் அதன் அடிச்சேற்றில் ஊறிப்போயிருந்தது. கிருமிகளை விழுங்க வேண்டிய அணுக்கள் அங்குள்ள மீன்களில் மந்தமாகிக் கிடப்பதை 1980-களில் கண்டார்கள். அந்த மீன்களை நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் அந்த அணுக்கள் பழையபடி விழுங்க ஆரம்பித்துவிட்டன.