உண்பதும் நோன்பே!

நோன்பு என்றவுடன் உண்ணாமையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், யூதர்களின் ஆண்டிலேயே மிகப் புனிதமான நாளாகிய யோம் கிப்பூர் நோன்பில், முந்தைய நாள் உண்பதும் ஒரு கடமை. எபிரேய நாள்காட்டியின் திஷ்ரி மாதம் 10-ஆம் நாள், பாவங்களுக்குக் கழுவாய் தேடும் நாள். செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். முதல் நாள் கதிரவன் மறையச் சற்று முன் தொடங்கி, மறுநாள் விண்மீன்கள் தோன்றும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் உணவு இல்லை. ஒரு மிடறு நீரும் இல்லை.

இந்நோன்பைப் பற்றிய வேத விதியில் 9-ஆம் நாள் என்ற குறிப்பு வருகிறது. நோன்போ 10-ஆம் நாள். இம்முரண்பாட்டைத் தல்மூத் அறிஞர்கள் விடுவித்த விதம் அழகானது. ஒன்பதாம் நாள் உண்டு பருகியவரை இரு நாள்களும் நோன்பிருந்தவராகவே கொள்ள வேண்டும் என்றனர். அந்நாளின் கடைசி வேளை உணவுக்கு 'சியுதா மஃப்செகெத்' என்று பெயர்; பிரித்து நிறுத்தும் உணவு எனலாம். பொழுது சாயும் முன்பே உண்டு முடித்து, பிள்ளைகளை வாழ்த்தி, விளக்கேற்றி, தொழுகைக் கூடத்துக்குப் புறப்படுவர்.

ஆய்வுப் பணிக்காக இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது, பக்கத்து வீட்டு மூதாட்டியின் அடுக்களையில் இவ்வுணவு உருவாவதை அருகிருந்து கண்டிருக்கிறேன். அவரது குடும்பம் போலந்திலிருந்து வந்தது. எனவே அங்கே கோழிச் சூப்புதான் முதன்மை. கேரட், வெங்காயம், செலரி சேர்த்து மெல்லிய தீயில் கொதிக்கும் சூப்பில், மேலே மிதக்கும் கொழுப்பைப் பொறுமையாக வழித்தெடுப்பார். உப்பு மட்டும் போடமாட்டார். அதற்குக் காரணம் உண்டு. யூத விதிப்படி இரத்தம் வடிவதற்காக இறைச்சியை நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் கிடத்தி, பின்னர்க் கழுவுவர். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் உப்பு தங்கிவிடும். மறுநாள் தாகம் எடுக்காமலிருக்க அதுவே போதும், மேலும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

சூப்பில் 'கிரெப்லாக்' என்னும் சிறு கொழுக்கட்டைகள் மிதக்கும். கோதுமை மாவுக்குள் கொத்திறைச்சி வைத்து மூடியவை. கண்டிப்பைக் கருணை மூடுவதன் அடையாளம் என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. ரொட்டியை வழக்கம்போல் உப்பில் தொடாமல் தேனில் தோய்த்து உண்பர். வரும் ஆண்டு இனிக்க வேண்டுமென்பதே நோக்கம். பிறகு வேகவைத்த கோழி, சோறோ உருளைக்கிழங்கோ. முடிவில் மோர் ஊற்றிக்கொண்டால் நன்றாயிருக்குமே என்று நமக்குத் தோன்றும். இறைச்சியும் பாலும் ஒரே உணவில் கூடாதென்பதால் அதற்கு அங்கே இடமில்லை.

இம்மென்மைக்கு நூல் ஆதாரமும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த 'ஷுல்ஹான் அருக்' என்னும் விதிநூல், எளிதில் செரிக்கும் உணவையே அன்று உண்ணச் சொல்கிறது. வயிறு முட்ட உண்டவர் செருக்கோடு இறைவன் முன் நிற்க நேரும் என்பது அதன் அச்சம். மருத்துவ நோக்கிலும் இது பொருந்துகிறது. மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜனாகச் சேரும்போது நீரையும் தன்னோடு பிடித்து வைக்கிறது. புரதம் மிகுந்தாலோ, அதன் கழிவை வெளியேற்றச் சிறுநீரகம் கூடுதல் நீரைச் செலவிடுகிறது. கடைசி அரைமணியில் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் பயனற்றது. பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்தில் வெளியேறிவிடும். பகல் முழுதும் சிறிது சிறிதாகப் பருகுவதே சரி. காப்பிப் பழக்கமுள்ளவர்கள் சில நாள்களுக்கு முன்பிருந்தே கோப்பைகளைக் குறைத்துக்கொள்கின்றனர். இல்லாவிட்டால் தலைவலி நிச்சயம். நோன்பால் வரும் தலைவலியை 1995-இல் இஸ்ரேல் மருத்துவர்கள் 'யோம் கிப்பூர் தலைவலி' என்ற பெயரிலேயே ஆய்விதழில் எழுதினர்.

எருசலேம் ஆலயத்தின் அழிவை எண்ணித் துயர்காக்கும் திஷா பாவ் நோன்பின் முன்னுணவோ முற்றிலும் வேறு. ரொட்டியும், சாம்பலில் தொட்ட அவித்த முட்டையும். அதையும் தரையிலோ தாழ்ந்த மணையிலோ அமர்ந்து உண்ண வேண்டும். அது துக்க உணவு. யோம் கிப்பூரின் முன்னுணவு, வெள்ளை விரிப்பிட்ட மேசையில் உண்ணும் பண்டிகை உணவு.

இவ்வளவு முன்னேற்பாடும் நலமாயிருப்பவருக்குத்தான். நோயுற்றவரை எந்த முன்னுணவும் காக்காது. உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விட்டாக வேண்டும். அது சலுகையன்று, கட்டளை. 1848-இல் வில்னா நகரைக் காலரா வாட்டியபோது, இஸ்ரேல் சலாந்தர் என்னும் பெரும் மதகுரு அந்நாளில் மக்களை உண்ணச் சொன்னதாக வரலாறு பேசுகிறது. இருந்தும், முதியோர் பலர் விடுவதில்லை. அறுபது ஆண்டுகளாகக் காத்த நோன்பை மருத்துவரின் ஒரு சொல்லுக்காகக் கைவிடுவது அவர்களுக்குத் தோல்வியாகப் படுகிறது. என் பார்வையில், நோன்புக்கு ஆயத்தமாவது பற்றிப் பேசும் எவரும் முதலில் பேச வேண்டியது இதைத்தான். சூப்பின் பக்குவமெல்லாம் அடுத்ததே.

தல்மூத் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மருத்துவர் தேவையில்லை என்று கூறியும், நோயாளி தனக்கு உணவு வேண்டும் என்றால், நோயாளியின் சொல்லே செல்லும். நோயாளி வேண்டாம் என்று மறுத்தும், மருத்துவர் உண்ண வேண்டும் என்றால், அப்போது மருத்துவரின் சொல் செல்லும். இரு வழியிலும் உணவின் பக்கமே தீர்ப்பு.

அம்மூதாட்டி இன்சுலின் செலுத்திக்கொள்பவர். ஓராண்டு அவருடைய மதகுருவும் மருத்துவரும் ஒருசேர உண்ணச் சொன்னார்கள். அதற்கும் ஒரு முறை உண்டு: சுமார் 30 மில்லிக்கு மிகாத சிறு அளவு, பிறகு ஒன்பது நிமிட இடைவெளி, மீண்டும் ஒரு சிறு அளவு, அதுவும் போதவில்லையெனில் இயல்பாகவே உண்ணலாம். முகம் வாடினாலும் அவர் மறுக்கவில்லை. அன்று அடுப்பு மூட்டக் கூடாதாகையால், முந்தைய நாளே குழைய வேகவைத்த சோற்றை மருந்துக் குவளையால் அளந்து, சின்னஞ்சிறு கிண்ணங்களில் இட்டு மூடினார். பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் வைத்தார். அவ்வாண்டு பிரித்து நிறுத்தும் உணவுக்காக விரித்த அதே வெள்ளை விரிப்பின் ஓரத்தில் அக்கிண்ணங்களும் வரிசையாக இருந்தன.