பாக்கெட்டில் 101 என்று இருந்தால்

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போவதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. அது வேறொன்றுமில்லை, ரைபோபிளேவின் என்கிற வைட்டமின் பி2. அதே மஞ்சளை உணவுக்கு நிறமேற்றவும் பயன்படுத்துகிறார்கள். லேபிளில் அதன் எண் ஐ.என்.எஸ். 101. நம் உணவுச் சட்டம் இதை இயற்கை நிறமிகளோடு சேர்த்திருக்கிறது. ஆனால் அது பூவிலோ வேரிலோ இருந்து வரவேண்டும் என்பதில்லை. ஆலைத் தொட்டிகளில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவை வளர்த்தும் எடுக்கிறார்கள்.

சப்டிலிஸ் சாதுவான இனம். ஜப்பானியர் சோயாவைப் புளிக்கவைத்து நாட்டோ செய்வது இதைக் கொண்டுதான். சிக்கல் அதன் ஸ்போரில் இருக்கிறது. இரை தீர்ந்தால் தடித்த உறைக்குள் சுருண்டு உறங்கிவிடும்; கொதிநீருக்கும் எளிதில் சாகாது. நிறமியைப் பிரித்துச் சுத்தம் செய்வதில் அலட்சியம் காட்டினால் பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும். வந்தும் இருக்கிறது. 2014-ல் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தீவன பி2-வில் மரபணு மாற்றிய சப்டிலிஸ் உயிரோடு இருந்தது. 2018-ல் இதே வகைத் தீவனச் சேர்ப்பொருள் ஒன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி மறுத்தது. அதில் உயிருள்ள செல்களோடு ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களும் இருந்தன.

இதற்காக 101-ஐக் கண்டு ஓட வேண்டாம். எண் போட்ட பொருளையாவது கேள்வி கேட்கலாம். லேபிளே இல்லாமல் கலர்கலராக விற்பதுதான் பெரிய ஆபத்து. பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தது.

பாக்கெட் உணவில் நிறமி இருந்தால் அது இயற்கையா செயற்கையா என்று அச்சிட்டே ஆக வேண்டும். சந்தேகம் வந்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி நீங்களே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். பொருள் தவறானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை: பரிசோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? வராதவர்கள் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். நுகர்வோர் உதவிக்கு 1915. பில்லையும் பாக்கெட்டையும் மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.