சளியில் தெரியும் அழற்சி

மூச்சை வேகமாக ஊதச் செய்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை, மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைக் காட்டுமேயன்றி, அதன் உட்சுவரில் நிலவும் அழற்சி, அதாவது வீக்கமும் வெள்ளையணுக்களின் திரட்சியும், எவ்வகையானது என்பதைக் காட்டாது. கடுமையான ஆஸ்துமாவில் அதை அறிய மிக நம்பகமான வழி சளிப் பரிசோதனையே. உப்புச்செறிவு மிகுந்த நீரின் நுண்துளிகளை நோயாளி உள்ளிழுத்து, பின் இருமி வெளியேற்றும் சளியில், இயோசினோஃபில் எனும் வெள்ளையணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 74 நோயாளிகளிடம் நடந்து, 2002இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு இதன் மதிப்பை உணர்த்தியது. வழக்கமான முறையில் மருந்தளவைத் தீர்மானித்த பிரிவில் ஓராண்டில் 109 கடும் தாக்கங்கள் நேர, இவ்வணுக்களின் அளவையொட்டி அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கூட்டியும் குறைத்தும் வந்த பிரிவில் 35 மட்டுமே நேர்ந்தன. அதுவும் சராசரி ஸ்டீராய்டு அளவு மிகாமலேயே என்பது பெரிதும் போற்றத்தக்கது.

சளிப் பரிசோதனைக்குத் தேர்ந்த ஆய்வகம் வேண்டுமாதலால், பல மருத்துவமனைகள் இரத்தத்தில் இயோசினோஃபில்களை எண்ணுவதையும், வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளப்பதையும் நாடுகின்றன. பெரியவர்களிடம் அவ்வாயு நூறு கோடியில் 50 பங்குக்கு மேற்பட்டால் இயோசினோஃபில் மிகுந்த அழற்சி இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் புகைப்பழக்கம் இந்த அளவைத் தாழ்த்திக் காட்டும், குடற்புழுத் தொற்றோ இரத்த எண்ணிக்கையை உயர்த்திவிடும் என்பதால், எதையும் தனித்து நம்பலாகாது. இயோசினோஃபில்களைக் குறைக்கும் மெப்போலிசுமாப் போன்ற விலையுயர்ந்த ஊசிமருந்து யாருக்குப் பயன்படும் என்பதையும் இச்சோதனைகளைக் கொண்டே மருத்துவர்கள் முடிவுசெய்கிறார்கள்.