மிதிவண்டியும் மிதிவெடியும்

"மிதி" என்பது மிகச் சிறிய சொல். குயவர் களிமண்ணை மிதிக்கிறார். உழவர் தழையைச் சேற்றில் மிதிக்கிறார். நாங்கள் பள்ளிக்கு வர சைக்கிளை மிதிக்கிறோம். அதனால்தான் அதற்கு மிதிவண்டி என்று பெயர். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழும் தமிழ் மக்கள் இதே சொல்லிலிருந்து வேறொரு சொல்லையும் ஆக்க வேண்டியதாயிற்று. அந்தச் சொல் மிதிவெடி. நாம் கண்ணிவெடி என்று சொல்வதில், காலால் மிதித்தாலே வெடிக்கும் வகைக்கு அவர்கள் வைத்த பெயர் இது.

மிதிவண்டியை மிதித்து மிதிவெடியை அகற்ற முடியுமா? இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் எழுந்த கேள்வி இதுதான். நாங்கள் அறிந்துகொண்டவற்றை வாசகர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இலங்கையில் 1983 முதல் 2009 மே மாதம் வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போரிட்ட இரு தரப்பினரும் நிலத்தில் வெடிகளைப் புதைத்தார்கள். போர் முடிந்ததும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் புதைத்த வெடிக்குப் போர் முடிந்த செய்தி தெரியாது. மிதிப்பது படைவீரனின் காலா, விறகு பொறுக்கும் தாயின் காலா, பந்தைத் தேடி ஓடும் குழந்தையின் காலா என்பதும் அதற்குத் தெரியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலில் முகமாலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் போர்முனைக் கோடு இருந்ததால், வெடிகள் வரிசை வரிசையாகப் புதைக்கப்பட்டன. உலகிலேயே மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. மன்னாரில் கட்டுக்கரைக் குளம் பாயும் வயல்கள் உண்டு; அதுவும் நம் தஞ்சையைப் போல் நெல் விளையும் சீமைதான். தண்ணீர் இருந்தும், விதை இருந்தும், ஏர் பூட்ட அஞ்சி ஒரு வயலைத் தரிசாகப் போடுவது எவ்வளவு பெரிய துயரம் என்பதை உழவர் வீட்டில் பிறந்தவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வெடிகளை எப்படி அகற்றுகிறார்கள்? ஹாலோ டிரஸ்ட், மேக் போன்ற உலக அமைப்புகளும், டாஷ், ஷார்ப் என்னும் இலங்கை அமைப்புகளும், இராணுவத்தின் ஒரு பிரிவும் இப்பணியைச் செய்து வருகின்றன. பணியாளர்களில் பெண்கள் பலர். போரில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியே தாங்கும் தாய்மார்களும் அவர்களில் உண்டு. முகத்துக்குக் கண்ணாடி போன்ற கவசமும், மார்புக்குத் தடித்த அங்கியும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையைச் சிறிது சிறிதாகச் சோதிக்கிறார்கள். பல வெடிகள் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பிகள். உலோகம் மிகக் குறைவாக இருப்பதால் உலோகம் காட்டும் கருவிக்கும் எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே மணற்பாங்கான இடங்களில் நீண்ட கைப்பிடி கொண்ட வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாரித் தேடுகிறார்கள். எருக்குழியை வாரும் வாரியைக் கண்ட நமக்கு, ஓர் உயிரைக் காக்கவும் வாரி பயன்படும் என்பது வியப்பாக இருக்கிறது.

ஒரு வெடியைச் செய்ய 3 டாலர் முதல் 30 டாலர் வரைதான் ஆகிறது. அதைத் தேடி எடுக்க 300 டாலர் முதல் 1000 டாலர் வரை ஆகும் என்பது ஐக்கிய நாடுகள் சபை கூறிவரும் கணக்கு. ஏனென்றால் வெடி இல்லாத இடத்தையும் அங்குலம் அங்குலமாகத் தேடினால்தான், "இங்கே இல்லை" என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

உலகமும் வாளாவிருக்கவில்லை. மிதிவெடிகளைச் செய்வதையும், சேமிப்பதையும், விற்பதையும், புதைப்பதையும் தடை செய்யும் உடன்படிக்கையில் 1997 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் 122 நாடுகள் கையொப்பமிட்டன. வத்திக்கானும் அவற்றுள் ஒன்று. இதற்காகப் பாடுபட்ட இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் அவ்வாண்டே நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2028 ஜூன் மாதத்துக்குள் தன் மண்ணைத் துப்புரவாக்க வேண்டும் என்பது அதற்குரிய தவணை. நம் இந்தியா இன்னும் சேரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி மிதிவண்டிக்கு வருவோம். 1980ஆம் ஆண்டில் கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், பொய்க்காலுடன் 143 நாட்களில் 5,373 கி.மீ. ஓடினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காகத் தம் நாட்டார் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். நோய் முற்றியதால் பாதி வழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆயினும் அவர் கேட்ட தொகை சேர்ந்தது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு பாபா ஆம்டே அவர்கள் ஒற்றுமைக்காக இளைஞர்களை மிதிவண்டிகளில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை அழைத்துச் சென்றார்.

நிதி திரட்டும் பயணத்தின் முறை எளியது. ஓட்டுபவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உற்றார் உறவினரிடம் செல்வார். "நான் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டு எழுதி, கையொப்பம் பெறுவார். பயணம் முடிந்தபின் தூரத்தைப் பெருக்கிப் பணம் பெற்று, கணக்கை எல்லாரும் காண எழுதி வைப்பார். சும்மா கேட்டால் கொடுக்கத் தயங்குகிறவர்களும், ஒரு பெண் வியர்வை சிந்தி மிதிக்கிறாள் என்றால் "எதற்காக?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பிறர் வாயிலிருந்து வரவழைப்பதே பயணத்தின் முதல் பயன்.

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, உடற்பயிற்சி ஆசிரியையின் துணையுடன் நாங்கள் ஒன்பது பேர் திருவையாறு சென்று திரும்பினோம். போகவர ஏறத்தாழ 24 கி.மீ. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகக் கடந்து காவிரியை அடைந்தோம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. நாங்கள் வண்டிகளுடன் சாலையை விட்டு இறங்கி வரப்பில் நின்றோம். லாரி போயிற்று, மீண்டும் ஏறினோம். கொஞ்ச தூரம் சென்ற பிறகுதான் எங்களுள் ஒருத்தி சொன்னாள்: "காலை எங்கே வைக்கிறோம் என்று நாம் யாரும் பார்க்கவே இல்லை." அதன்பின் வெகு நேரம் யாரும் பேசவில்லை.

ஒருத்திக்குக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் வீதம் ஒன்பது பேருக்கும் சேர்ந்த தொகை 2,160 ரூபாய். பெருமையுடன் கணக்கிட்டோம். 300 டாலர் என்பது இன்று 25,000 ரூபாய்க்கு மேல். எங்கள் உழைப்பெல்லாம் ஒரே ஒரு மிதிவெடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! முகங்கள் வாடின. அப்போது கணக்கில் கெட்டிக்காரியான தோழி கரும்பலகையில் பெருக்கிக் காட்டினாள்: "பன்னிரண்டு தடவை போனால் 25,920 ரூபாய். ஒரு வெடிக்கு ஆகும்." ஒரு வெடி என்றால் ஒரு கால். அப்படி எண்ணியபோது அத்தொகை எங்களுக்குச் சிறிதாகத் தோன்றவில்லை.

தோழி ஒருத்தியின் பாட்டி கேட்டார்: "நம்ம ஊர் வாய்க்காலைத் தூர் வாரவே காசில்லை. கடல் தாண்டிக் கொடுக்கணுமா கண்ணு?" நியாயமான கேள்விதான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழி ஏறத்தாழ 110 கி.மீ.; 2023 அக்டோபரில் கப்பலும் விட்டார்கள். தஞ்சையிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் நடக்கும் தூரத்தைவிட அது மிக அதிகமில்லை. 2004ஆம் ஆண்டு கடல் பொங்கி நாகை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபோதும், 2018ஆம் ஆண்டு கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோதும், நம்மை முன்பின் கண்டிராதவர்கள் நமக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஊரிலும் தூர் வாராத வாய்க்கால்கள் இருந்திருக்கும் அல்லவா? இதைச் சொன்னதும் பாட்டி, "சரி, கிலோமீட்டருக்கு ஒத்தை ரூபாய் எழுதிக்கோ" என்றார். இருபத்து நான்கு ரூபாய் என்று தெரிந்தபோது சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

வெடியில் கால் இழந்தவர்களையும் மறக்கலாகாது. 1968ஆம் ஆண்டு ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால் யாழ்ப்பாணம் வரை சென்றிருக்கிறது. செருப்பில்லாமல் நடக்கலாம், ஈர வயலில் நிற்கலாம், மிதிவண்டியும் மிதிக்கலாம். நம் நாட்டார் கண்ட அக்கால் அயலார் துயரையும் துடைப்பது நமக்குப் பெருமையே.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரமாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். யாரையும் எதிர்பாராமல் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்ற துணிவை அது அவர்களுக்குத் தந்தது. மிதிவெடியோ, சொந்த வீட்டுக் கொல்லைக்குப் போகவும் அஞ்ச வைக்கிறது. ஒன்று தந்த உரிமையை மற்றொன்று பறிக்கிறது. ஆகவே முன்னதைக் கொண்டு பின்னதை அகற்ற முயல்வது மிகப் பொருத்தம் என்று நாங்கள் கருதுகிறோம்.

சேர்ந்த தொகை வகுப்பாசிரியையிடம் இருக்கிறது. அதை முறைப்படி அனுப்பும் வழியைத் தலைமைச் சகோதரி அவர்கள் பெரியவர்களைக் கலந்து முடிவு செய்வார்கள். நாங்கள் பொதுத் தேர்வு எழுதிவிட்டுப் பத்தாம் வகுப்பை விட்டுச் செல்கிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, திருவையாற்றுச் சாலை உங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டிக்குக் காற்று அடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, பெற்றோரின் ஒப்புதல் பெற்றுப் புறப்படுங்கள். ஒரு பயணம் முடிந்தது. பதினொன்று பாக்கி இருக்கின்றன.